ஓடுபாதையில் வெறுங்கால்

அழகியநம்பி தன் ஆயுளில் விமானம் ஏறியதில்லை. ஆனால் திருவனந்தபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதையை அவன் அளவுக்கு வெறுங்காலால் மிதித்த கணக்குப்பிள்ளை வேறு எவனும் இருக்க முடியாது. வருஷத்துக்கு இரண்டு தடவை பத்மநாப சுவாமி கடலாடப் போகும், அதுதான் ஆராட்டு. சங்குமுகம் கடற்கரைக்குச் சுவாமி போகும் வழி முதலில் வந்தது, விமான நிலையம் பிற்பாடு வந்தது. ஆகவே ஆராட்டு நாளன்று சாயங்காலம் விமானங்களை எல்லாம் நிறுத்திவைப்பார்கள். ஊர்வலம் ஓடுபாதையைக் குறுக்கே கடந்து போகும். பாஸ் உள்ளவனுக்குத்தான் அந்த வழி. நம்பிக்குப் பாஸ் உண்டு. சுவாமிக்குக் குடை பிடிக்கிறவர்களில் அவனும் ஒருத்தன். அப்பா நாகேஸ்வரன் பிடித்த குடை அது. அவர் படுக்கையில் விழுந்த பிறகு இவன் கைக்கு வந்தது.

பங்குனி ஆராட்டு என்றால் சும்மாவா? தார் கொதிக்கும். செருப்புப் போடக் கூடாது, குடையைச் சாய்க்கக் கூடாது, சுவாமி கடலில் முழுக்குப் போடும்வரை கம்பை ஒரு நிமிஷம் கீழே வைக்கக் கூடாது. உள்ளங்கால் கொப்புளித்துப் போகும். அப்படியும் ஓடுபாதை வந்ததும் நம்பி ஒரு தடவை தலையைத் திருப்பி, அதன் நீளத்தைக் கண்ணால் அளந்துவிட்டுத்தான் போவான். எல்லாரும் நீளவாட்டில் ஓடிப் பறந்து போய்விடுகிற இடத்தில், அவன் மட்டும் வருஷா வருஷம் குறுக்கே நடந்து கடந்துகொண்டிருந்தான்.

தம்பி வெங்கிடேஷ் அப்படிப் பறந்தவன். நெதர்லாந்தில் ஐந்தோவன் என்ற ஊரில் நல்ல வேலை, நல்ல பெண்டாட்டி, பால்கனியில் பூந்தொட்டி. அங்கே ஏப்ரல் பிறந்தால் ஜனங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் போலிருக்கிறது. வெயில் வந்துவிட்டதாம், அதற்கே திருவிழா! ஒரு நாள் ஊரே ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு தெருவில் ஆடும். இன்னொரு நாள் பூவால் ஜோடித்த வண்டிகள் வரிசையாக வரும். புல்தரையில் ஜமுக்காளம் விரித்துப் படுத்துக்கொண்டு பெரிய திரையில் சினிமா பார்ப்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டு வேளைக்கும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். எல்லாம் போட்டோவாக, வீடியோவாக நம்பியின் போனுக்கு வந்து விழும். ஒரு கையில் அப்பாவின் பெட்பேன், மறு கையில் போன். கோட்டைக்குள் அக்ரஹாரத்து வீட்டின் புழக்கடையில் நின்றபடி அவன் அந்த ஊர்த் திருவிழாக்களை ஒன்று விடாமல் பார்த்து முடித்திருந்தான்.

கல்யாணம் ஆகவில்லையா என்றால், ஆகவில்லை. ஒரு வரன் திகைந்து வந்தபோது அம்மா படுத்தாள், பெண்வீட்டாரும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். அம்மா போன பிறகு அப்பா விழுந்தார். ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. காலையில் அப்பாவைக் கழுவித் துடைத்து, கஞ்சி ஊட்டி, பக்கத்து வீட்டு சுசீலாபாயிடம் ஒரு கண் வைக்கச் சொல்லிவிட்டு ஆரியசாலைக்குப் போவான். அங்கே மைதீன் பாயின் மசாலா மொத்தக் கடையில் கணக்கு. மத்தியானம் ஓடி வந்து அப்பாவைப் புரட்டிப் போட்டுவிட்டு மறுபடி கடைக்கு ஓட்டம். அப்பாவின் தலைமாட்டில் ஒரு பித்தளை மணி உண்டு. வேண்டுமென்கிறபோது நல்ல கையால் அதை அடிப்பார். அந்த மணிச் சத்தம் நம்பிக்குக் கடையில் தராசுத் தட்டு இடித்தாலும் கேட்கும், திடுக்கிட்டு எழுந்துவிடுவான்.

போன வருஷம் ஆனியில் வெங்கிடேஷே போனில் சொன்னான். "அண்ணா, அடுத்த சம்மருக்கு நீ இங்க வா. மூணு மாசம். நானும் பத்மஜாவும் அங்க வந்து அப்பாவைப் பார்த்துக்கறோம். ஆத்துல இருந்தே வேலை பார்க்கலாம்னு ஆபீஸ்ல பெர்மிஷன் வாங்கிட்டேன். எங்க ஃப்ளாட் சாவி உனக்கு. பக்கத்து ஃப்ளாட்ல பிரஜின் இருக்கான், நம்ம நெய்யாற்றின்கரைப் பையனாக்கும், எல்லா ஃபெஸ்டிவலுக்கும் அவன் கூட்டிண்டு போவான்."

நம்பிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பத்தொன்பது வயசில் ஒரு மனிதனுக்கு முதல்முதலாக லீவு கிடைக்கிறது. அப்பா என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே சொன்னான். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "போயிட்டு வாயேன். யார் வேண்டாம்னா?" என்றார். அவ்வளவு சுலபமாகச் சம்மதம் கிடைத்ததில் நம்பிக்குக் கண் கலங்கிவிட்டது, அசடு.

பிறகு என்ன, ஒரே அமர்க்களம்தான். பாஸ்போர்ட் எடுத்தான். கொச்சிக்குப் போய் விரல் பதித்து விசா வாங்கி வந்தான். சாலைக் கடைத்தெருவில் ஒரு நீலப் பெட்டி வாங்கினான். குளிருக்கு ஒரு ஜாக்கெட் வாங்கி, திருவனந்தபுரத்து மாசி வெயிலில் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்து வேர்த்து ஊற்றக் கழற்றினான். ஆரியசாலையில் ஒரு கடை பாக்கியில்லாமல் சமாசாரம் பரவியது. மைதீன் பாய் ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொடுத்தார்.

"சாமி, அங்க போயும் செருப்பில்லாம நடந்து நம்ம மானத்த வாங்கிராதியும். மூணு மாசம் நான் பாத்துக்கிடுதேன் கணக்க. நீரு ஒரு தடவயாவது மனுசனா இருந்துட்டு வாரும், வே."

மூட்டை தூக்குகிற பையன்கள் அவனைப் பார்த்தால் இரண்டு கையையும் இறக்கையாக விரித்துக் காட்டினார்கள். நம்பி வெட்கப்பட்டுச் சிரித்தான். ராத்திரி அப்பா தூங்கிய பிறகு ஷூவைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நாலு நடை நடந்து பார்த்தான்.

வெங்கிடேஷும் பத்மஜாவும் பங்குனி உற்சவக் கொடியேற்றத்தன்று வந்து இறங்கினார்கள். ஆராட்டுக்கு மறுநாள் நம்பிக்கு டிக்கெட். இடையில் பத்து நாள், கைமாற்றிவிடப் போதும் என்று கணக்கு. நம்பி பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். கஞ்சி எந்தப் பதம், முதுகுப் புண்ணுக்கு எந்தப் பொடி, எப்படிப் புரட்டினால் அப்பாவுக்கு வலிக்காது, மணி அடித்தால் எவ்வளவு சீக்கிரம் ஓட வேண்டும், எல்லாம்.

"சாரமில்லேண்ணா, ஒண்ணும் கஷ்டமில்லே, நான் பார்த்துப்பேன்" என்று வெங்கிடேஷ் தலையை ஆட்டினான். சாயங்காலமானால் இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். கிழக்கு நடையில் நிற்க வைத்திருக்கும் பெரிய பாண்டவர் பொம்மைகளுக்கு முன்னால் செல்ஃபி, புத்தரிக்கண்டத்தில் கண்காட்சி, கனகக்குன்னில் பாட்டுக் கச்சேரி, பழவங்காடியில் தேங்காய் உடைத்துவிட்டு ஐஸ்கிரீம். "எத்தனை வருஷமாச்சுண்ணா, நம்மூர் மாதிரி வருமா!" என்று பத்மஜா மலர்ந்து போய்ச் சொல்வாள். நம்பி அவர்களுக்கு அடை வார்த்துப் போடுவான்.

நாலாம் நாள் காலையில் நம்பி வேண்டுமென்றே ஒதுங்கிக்கொண்டான். இன்றைக்கு நீயே செய் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்தான். மணி அடிக்கவில்லை. காத்திருந்தான், அடிக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து வெங்கிடேஷ் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் அப்பா படுக்கை முழுக்கப் போயிருந்தார். மணிக்குப் பக்கத்திலேயே கை இருந்தது. வெங்கிடேஷ் கிணற்றடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். பத்மஜா மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். நம்பிதான் எல்லாவற்றையும் அள்ளிக் கழுவினான்.

"ஏம்ப்பா, மணி அடிக்கலே?" என்று கேட்டான்.

"மறந்து போச்சுடா" என்றார் நாகேஸ்வரன்.

படுக்கையில் விழுந்த ஏழு வருஷத்தில் ஒரு நாளும் மறக்காத மனிதர்! நம்பிக்கு அது உறைக்கவே இல்லை. அவன் மனசு பூரா ஐந்தோவனில் இருந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே நடந்தது. வெங்கிடேஷ் ஒரு ஏஜென்சியில் சொல்லி செல்வின் என்ற ஹோம் நர்ஸை வரவழைத்தான். நல்ல பையன், மார்த்தாண்டத்துக்காரன், பூப்போலத் தூக்குவான். நாகேஸ்வரன் அவன் ஊட்டிய கஞ்சியை அவன் முகத்திலேயே துப்பினார். மறுநாள் தலையணைக்கடியில் இருந்த மோதிரத்தைக் காணோம் என்று தெருவே கேட்கக் கத்தினார். மோதிரம் அவர் வாய்க்குள்ளேயே இருந்தது. நம்பி கன்னத்தை அழுத்தி எடுத்தபோது செல்வின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான்.

"சார், நான் எத்தன பேரப் பாத்திருக்கேன். இவருக்கு உடம்புல உள்ள வியாதி பெருசில்ல கேட்டேளா. நீங்க எப்படியும் கிளம்பிப் போயிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கு ராத்திரி தம்பியும் அப்பாவும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். தம்பி அப்பாவுடன் மனம்விட்டுப் பேசுகிறானே என்று நம்பி சந்தோஷப்பட்டான். வேறு ஆள் பார்க்கலாம்ணா, நீ ஒண்ணும் கவலைப்படாதே, ஆராட்டு முடியட்டும் என்றான் வெங்கிடேஷ். நம்பி நீலப் பெட்டியைக் கட்டி முடித்தான். மேலாக ஜாக்கெட்டை மடித்து வைத்தான்.

ஆராட்டு நாள். வெங்கிடேஷுக்கும் ஒரு பாஸ் வேண்டும் என்று நம்பிதான் யார் யார் காலையோ பிடித்து வாங்கிக்கொடுத்தான். மேற்குக் கோட்டை வாசல் வழியாகச் சுவாமி வெளியே வந்தது. இரண்டு பக்கமும் ஜனக்கடல். நம்பி வேட்டியை இறுக்கிக் கட்டி, வெற்று மார்போடு, இரண்டு கையாலும் குடைக்கம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான். கால் சுடவில்லை. நாளைக்கு இந்நேரம் நான் இதே இடத்துக்கு மேலே பறந்துகொண்டிருப்பேன் என்று நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. பெருமாளே, போய்விட்டு வந்து ஐப்பசி ஆராட்டுக்கு உனக்குக் குடை பிடிக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

ஓடுபாதையை ஒட்டி ஒரு கல் மண்டபம் இருக்கிறது. சுவாமி அங்கே சற்று இளைப்பாறும். மற்றவர்கள் தண்ணீர் குடிக்கலாம், வேர்வை துடைக்கலாம். குடைக்காரன் மட்டும் குடையை விரித்தபடி அசையாமல் நிற்க வேண்டும். வெங்கிடேஷ் கூட்டத்துக்குள் புகுந்து அவன் பக்கத்தில் வந்தான். காவலுக்கு நின்ற ஜவான் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, இடுப்பிலிருந்து போனை எடுத்து வீடியோ கால் போட்டான். அந்தப் பக்கம் பச்சைப் புல்தரை, வெயில், யாரோ கிட்டார் வாசிக்கிற சத்தம், ஏழெட்டு முகங்கள், கையில் ஜூஸ்.

"டேய் பிரஜின், பாருடா, ரன்வேல நிக்கறேன்! லைவ் ஃப்ரம் த ரன்வே!" அங்கே ஒரே கூச்சல், கைதட்டல். வெங்கிடேஷ் போனை நம்பியின் முகத்துக்கு நேரே கொண்டுவந்தான். "இதாக்கும் எங்க அண்ணா. வருஷா வருஷம் ரன்வேல குடை பிடிச்சுண்டு நடப்பான், ஆனா பிளேன்ல ஏறுன்னா கை கால் நடுங்கும். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுடான்னு ஒரே அழுகை. என்ன பண்றது, மனசு கேக்கலை, பண்ணிட்டேன்."

"அய்யோ, நம்பியேட்டா!" என்று பிரஜின் போனுக்குள்ளிருந்து கத்தினான். "பிளேனுக்கு ஆரெங்கிலும் பயப்படுமோ? ஞங்க எல்லாரும் சேட்டனுக்குன்னு ஒரு ஆரஞ்சுச் சட்டை வாங்கி வச்சிருந்தோமே. சாரமில்ல, அடுத்த வருஷம் நான் வந்து கண்ணைக் கட்டிக் கூட்டிட்டு வரேன்!" எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெண் அந்த ஆரஞ்சுச் சட்டையை எடுத்து ஆட்டிக் காட்டினாள். அதில் நம்பி என்று தமிழில் எழுதியிருந்தது.

நம்பிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. யாரைப் பற்றிச் சொல்கிறான் இவன்? எப்போது அழுதேன்? பிறகு ஒவ்வொரு வார்த்தையாக உள்ளே இறங்கிற்று. டிக்கெட் இல்லை. வாயைத் திறந்தான். அதற்குள் கொம்பு ஊதிவிட்டது, சுவாமி எழுந்துவிட்டது. வெங்கிடேஷ் போனைச் செருகிக்கொண்டான். "அப்புறம் பேசிக்கலாம்ணா. குடையைப் பார், சாயறது" என்றான்.

ஆமாம், சாய்ந்துதான் இருந்தது. பின்னாலிருந்து ஒரு கிழவர், "குடையை நேராப் பிடியும் ஓய், சுவாமி மேல வெயில் படறது!" என்று அதட்டினார். நம்பி நிமிர்த்தினான். ஓடுபாதையில் கால் வைத்தான். அப்போதுதான் சுட்டது. எத்தனையோ வருஷம் மிதித்த தார்தான், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் உயிர் போயிற்று. கம்பை வீசியெறிந்துவிட்டுத் தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கலாம். செய்ய முடியுமா? அப்பா அதைப் பிடித்தே இருபது வருஷம் நடந்தவர். அவன் நடந்தான். பக்கத்தில் தம்பி, ஓடுபாதை முடிகிற தூரத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான். நம்பி அன்றைக்கு அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. சங்குமுகத்தில் சுவாமி மூன்று தடவை முழுக்குப் போட்டது. கம்பை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, நம்பி கொப்புளித்த காலை அலையில் நனைத்தான்.

மறுநாள் காலை வெங்கிடேஷ் உட்காரவைத்துப் பேசினான். குற்றம் செய்தவன் முகமே இல்லை. "அண்ணா, பிராக்டிகலா யோசி. அப்பா என்னை நெருங்க விடமாட்டேங்கறார், நர்ஸையும் ஓட்டிட்டார். நீ அங்க போய் நிம்மதியா இருப்பியா? உன் நல்லதுக்குத்தான் பண்ணினேன். நாங்களும் வெள்ளிக்கிழமை கிளம்பிடறோம். இங்க இருந்து என்ன பிரயோஜனம்?"

"பயம்னு ஏண்டா சொன்னே?"

"பின்னே என்ன சொல்றது? அப்பாவைப் பார்த்துக்க என்னால முடியலேன்னா? அத்தனை பேர் இருக்கற குரூப்ல?" அவன் எழுந்து போய்க்கொண்டே சொன்னான். "அப்பாதான் கேன்சல் பண்ணச் சொன்னார். நீயே போய்க் கேட்டுக்கோ."

நம்பி கேட்டான். அப்போது அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். நாகேஸ்வரன் மறைக்கவில்லை. ஒரு வாய் விழுங்கிவிட்டு, சாவதானமாகச் சொன்னார்.

"நாந்தான் சொன்னேன். என் பீயை அள்ள எனக்கு நீ வேணும், அவன் வேண்டாம். அவன் பெரிய மனுஷன்டா, அவனுக்கு உலகம் இருக்கு. உனக்கு என்ன இருக்கு? பொண்டாட்டியா, குட்டியா? அங்க போய் என்னத்தைக் கிழிக்கப் போறே? ஆத்துல ஒரு பிள்ளை வெளியில வேணும், ஒண்ணு உள்ளே வேணும். உன்னை உள்ளுக்குன்னு நான் எப்பவோ வச்சாச்சு. உங்கம்மா படுத்தப்போ வந்த அந்த வள்ளியூர் ஜாதகம்கூடப் பொருந்தித்தான் இருந்தது. நான்தான் வேண்டாம்னு எழுதிப் போட்டேன்."

நம்பியின் கையில் ஸ்பூன் அப்படியே நின்றது. அந்த வரனைப் பெண்வீட்டார் வேண்டாமென்று சொன்னதாகத்தான் அவன் இத்தனை காலமும் நினைத்திருந்தான். கண்ணாடி பார்க்கிறபோதெல்லாம் தன் முகத்தை அதற்காக வெறுத்திருந்தான்.

"ஆறிப்போறது, ஊட்டு" என்றார் அப்பா.

நம்பி கிண்ணத்தைக் கீழே வைத்தான். தலைமாட்டிலிருந்த மணியை எடுத்தான். அதைக் கொண்டுபோய் எதிர் ஜன்னல் விளிம்பில் வைத்தான். அப்பா கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்தான். தம்பியும் பத்மஜாவும் கோவளத்துக்குப் போயிருந்தார்கள். முதலில் அப்பா "நம்பீ" என்று அதட்டினார். அப்புறம் கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு, "ஏய், வந்துடுடா, அவசரமா வரதுடா" என்று கெஞ்சினார். சுசீலாபாய் எட்டிப் பார்த்து, "அப்பா விளிக்கிறார் கேட்டயா?" என்றாள். "கேட்டேன் மாமி" என்றான், எழுந்திருக்கவில்லை. கிடக்கட்டும், நன்றாகக் கிடக்கட்டும். அந்தக் குரல் தேய்ந்து அழுகையாக மாறியபோது நம்பிக்கு உடம்பு பூரா ஒரு குளிர்ச்சி பரவியது. ஆயுளில் அவனுக்குக் கிடைத்த லீவு அதுதான். வெயில் தாழும்வரை அனுபவித்தான்.

பிறகு உள்ளே போனான். அப்பா ஈரத்திலும் நாற்றத்திலும் கிடந்தார். கண்ணோரம் நீர் காய்ந்திருந்தது. அவனைப் பார்த்ததும் அவருக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது.

"பார்த்தியா?" என்றார். "மூணு மாசம் நீ போயிருந்தா இப்படித்தான் கிடந்திருப்பேன். போலாம்னு நினைச்சியே, பாவி."

கிழவர் அழுததில்கூட ஜெயித்துவிட்டார். நம்பி வெந்நீர் கொண்டுவந்தான். துடைத்தான், பொடி போட்டான், வேட்டி மாற்றினான். கடைசியில் மணியை எடுத்து அவர் கையருகிலேயே வைத்தான்.

வெள்ளிக்கிழமை வெங்கிடேஷுக்குச் சாமான் மிஞ்சிவிட்டது. ஊறுகாய், சிப்ஸ், அப்பளம், பத்மஜா சாலையில் வாங்கிய வெண்கலப் பாத்திரங்கள். "அண்ணா, உன் நீலப் பெட்டி சும்மாத்தானே கிடக்கு?" என்றாள் அவள். நம்பியே தன் துணிகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, வெண்கலம் இடிபடாமல் சுற்றிலும் பழைய வேட்டியைச் சுருட்டி அடுக்கிக்கொடுத்தான். வெங்கிடேஷ் ஜாக்கெட்டைத் தோளில் வைத்துப் பார்த்தான். "அங்க பிரஜினுக்கு ஆகும். இந்த ஊர் வேர்வைல உனக்கு எதுக்குண்ணா இது?" என்று மேலாக வைத்து மூடினான். ஷூவை மட்டும் விட்டுவிட்டுப் போனான், அளவு சரிப்படவில்லை.

பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமே, நம்பியும் டாக்ஸியில் விமான நிலையம் போனான். வாசலில் நின்ற ஜவான் டிக்கெட் கேட்டான். இவர்கள் இரண்டு பேரும் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். நம்பியைக் கையால் தடுத்து, தள்ளி நிற்கச் சொன்னான். கண்ணாடிக்கு அப்பால் நீலப் பெட்டி உருண்டு போவது கொஞ்ச நேரம் தெரிந்தது.

மறுநாள் கடைக்குப் போனான். போய்த்தானே ஆக வேண்டும்? ஆரியசாலை முழுக்க அவனைப் பார்த்து வாயைப் பிளந்தது. மைதீன் பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து, அவன் தோளைப் பிடித்து உள்ளே மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"சாமி, உள்ளதச் சொல்லும். தம்பி காலை வாரி விட்டுட்டானா? இல்ல, அய்யா தடுத்துட்டாரா? யாரு, சொல்லும். நான் இப்பமே வந்து நாலு கேள்வி கேக்கேன். ஒரு மனுசன இப்படியா பண்ணுவாங்க!"

பாயின் கண்ணில் நிஜமான கோபம் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தத் தெருவே அவன் பக்கம் நிற்கும். நம்பி அந்த முகத்தைப் பார்த்தான். சொன்னால் என்ன ஆகும்? ஐயோ பாவம் என்பார்கள். பெற்ற அப்பனே இவனைப் பீ அள்ள எடுத்து வைத்தான் என்று பேசுவார்கள். வள்ளியூர்ப் பெண் விஷயமும் வெளியே வரும். சாகிறவரை ஒவ்வொருத்தனும் அதை முகத்தில் வைத்துக்கொண்டு அவனைப் பார்ப்பான். அதைத் தாங்க முடியாது என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல பாய்" என்றான். "எனக்குத்தான் பயம். பிளேன்னா கை கால் நடுங்கறது. நான்தான் அழுது கேன்சல் பண்ணச் சொன்னேன்."

மைதீன் பாயின் பிடி தளர்ந்தது. முகத்திலிருந்த கோபம் போய், ஒரு சலிப்பு வந்தது. "சே! இதுக்கா வே நான் ஷூ வாங்கிக் குடுத்தேன்?" என்று கேட்டார். அப்புறம் அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வெளியே போய்ப் பையன்களிடம் சொன்னார். கடை அதிர்ந்தது, பக்கத்துக் கடையும் அதிர்ந்தது. மத்தியானத்துக்குள் ஆரியசாலையில் அவனுக்குப் பிளேன் சாமி என்று பெயர் விழுந்துவிட்டது.

சாயங்காலம் ஒரு விமானம் தாழ்வாக வந்தது. "சாமி, வருது வருது, குனிஞ்சுக்கிடும்!" என்று மூட்டை தூக்குகிறவன் கத்தினான். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். மைதீன் பாய்கூட கல்லாவிலிருந்து திரும்பிப் பார்த்தார். நம்பி பேனாவைக் கீழே வைத்தான். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, மேஜையில் நெற்றி முட்டக் குனிந்தான். தெருவே கைதட்டிச் சிரித்தது. விமானம் போன பிறகும் அவன் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு நிமிர்ந்து, தானும் சிரித்துவிட்டு, அடுத்த வண்டிக்குச் சீட்டு எழுதினான்.